கணினி படுத்தபின் எந்த பென் டிரைவ் கைகொடுக்கும்: நான்கு மீட்பு வட்டுகள், ஒரு ஒப்பீடு

லேப்டாப் டிஸ்கில் வெறும் 100 எம்பி அளவில் பெயரில்லாமல் ஒரு பார்ட்டிஷன் (தனிப் பகுதி). இது எதற்கு இங்கே என்று, விண்டோஸின் டிஸ்க் பிரிக்கும் கருவியான டிஸ்க்பார்ட்டில் வலுக்கட்டாயமாக அழித்துவிட்டேன். தப்பு முழுக்க என்னுடையது. அது யூஇஎஃப்ஐ (கணினி ஆன் ஆனதும் முதலில் ஓடும் நிரல்) விண்டோஸைக் கிளப்பத் தேடும் பூட் கோப்புகள் இருந்த பார்ட்டிஷன். லேப்டாப்பை மறுபடி ஆன் செய்தபோது, பூட் செய்ய எதுவும் இல்லை என்று கறுப்புத் திரையில் ஒற்றை வரி மட்டும் வந்தது.

பதறவில்லை. இரண்டு வருடம் முன்பே ரெக்கவரி டிரைவ் ஒன்று செய்து இழுப்பறையில் போட்டிருந்தேன். செருகினேன், பூட் ஆனது. டிரைவிலிருந்து மீட்கலாம் என்ற தேர்வைத் தொட்டதும் அடுத்த திரை சொன்னது: உங்கள் கோப்புகளும் நீங்கள் நிறுவிய செயலிகளும் நீக்கப்படும். நான் மீட்க நினைத்தது என் கோப்புகளை. அது மீட்க நினைத்தது விண்டோஸை. பென் டிரைவைப் பிடுங்கிவிட்டுத்தான் மற்ற வழிகளைத் தேடிப் போனேன்.

அதனால் இந்த அலசலில் எந்த வட்டைப் பார்த்தாலும் முதலில் ஒன்றைத்தான் கேட்கிறேன்: இது எதைக் காப்பாற்றும்?

வட்டு என்று பழக்கத்தில் சொல்கிறோமே தவிர, இன்று இது பென் டிரைவ் வேலைதான். சிடியிலிருந்து பூட் செய்வதற்கான எல் டொரிட்டோ விதிமுறை 1995இல் வந்தது. சிடியின் 650 எம்பி அப்போது கடல். இன்றைய விண்டோஸ் 11 ஐஎஸ்ஓ (முழு வட்டையும் அடக்கிய ஒற்றைக் கோப்பு) 4.7 ஜிபி டிவிடியில்கூட அடங்காது. புது லேப்டாப்களில் டிவிடி டிரைவே இருப்பதில்லை. எரித்து முடித்த டிவிடியில் எந்த வைரஸும் எதையும் எழுத முடியாது என்ற ஒரு நன்மைக்காக வேண்டுமானால் அதை நினைத்துப் பார்க்கலாம். பென் டிரைவை நோய் பிடித்த கணினியில் செருகினால் அந்த நிம்மதி கிடையாது.

ரெக்கவரி டிரைவும் நிறுவல் பென் டிரைவும்

இரண்டும் மைக்ரோசாஃப்ட் தருவதுதான். பலர் ஒன்றென்றே நினைத்துக்கொள்கிறார்கள்.

ரெக்கவரி டிரைவ் செய்யும் கருவி விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. கணினி நலமாக இருக்கும்போதே செய்து வைத்துக்கொள்ள வேண்டும். சிஸ்டம் கோப்புகளையும் சேர்த்துக்கொள் என்ற கட்டத்தில் டிக் போட்டால் குறைந்தது 16 ஜிபி பென் டிரைவ் வேண்டும். ஒரு மணி நேரம்கூட ஆகலாம், பென் டிரைவில் ஏற்கெனவே இருந்ததெல்லாம் போய்விடும். வருடத்துக்கு ஒரு முறை புதிதாகச் செய்துகொள்வது நல்லது என்று மைக்ரோசாஃப்ட்டே சொல்கிறது. அப்படிச் செய்பவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

நிறுவல் பென் டிரைவுக்கு 8 ஜிபி போதும். மீடியா கிரியேஷன் டூல் என்ற சிறு நிரலை இறக்கி, ஓடிக்கொண்டிருக்கும் எந்த விண்டோஸ் கணினியிலும் செய்யலாம். என் லேப்டாப் படுத்த அன்று நண்பரின் கணினியில்தான் செய்தேன். வித்தியாசம் இங்கேதான்: முன்னதை முன்யோசனை உள்ளவர்தான் செய்து வைத்திருப்பார், பின்னதை விபத்துக்குப் பிறகும் செய்யலாம்.

நிறுவல் பென் டிரைவிலிருந்து பூட் ஆனதும் நிறுவு என்பதைத் தொடாமல், பழுதுபார்க்கும் தேர்வுக்குப் போய்க் கட்டளைகளைத் தட்டும் கறுப்புத் திரையான கமாண்ட் பிராம்ப்டைத் திறக்க வேண்டும். முதல் திரையிலேயே ஷிஃப்ட்டையும் எஃப்10-ஐயும் சேர்த்து அழுத்தினாலும் திறக்கும். அங்கே நோட்பேட் என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். அதே பழைய நோட்பேட் வந்து நிற்கும். அதில் கோப்பைத் திறக்கும் பெட்டிக்குப் போனால், அதுவே ஒரு குட்டி ஃபைல் எக்ஸ்ப்ளோரர். கீழே உரைக் கோப்புகள் என்று இருப்பதை எல்லாக் கோப்புகளும் என மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் ஃபோல்டர்கள் காலியாகத் தெரிந்து வயிற்றைக் கலக்கும். சி டிரைவ் இங்கே டி என்றோ இ என்றோ பெயர் மாறியிருக்கலாம். வேண்டிய ஃபோல்டரில் வலது கிளிக், காப்பி. வெளி ஹார்ட் டிஸ்குக்குப் போய் பேஸ்ட். எவ்வளவு முடிந்தது என்று எதுவும் காட்டாமல் உறைந்தது போல நிற்கும். கை வைக்காமல் காத்திருக்க வேண்டும். புகைப்படங்கள் நிறைய இருந்தால் இதை விட்டுவிட்டு ரோபோகாப்பி கட்டளையைப் பயன்படுத்துங்கள், அது ஒவ்வொரு கோப்பாகச் சொல்லிக்கொண்டே போகும்.

கோப்புகள் பத்திரமானதும் அழித்த பார்ட்டிஷனை டிஸ்க்பார்ட்டில் மறுபடி உருவாக்கி, ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்து, பூட் கோப்புகளைத் திரும்ப எழுதும் பிசிடிபூட் கட்டளையைக் கொடுத்தேன். விண்டோஸ் எழுந்து வந்தது. பிறகுதான் ஒன்று உறைத்தது: நான் பிடுங்கி எறிந்த ரெக்கவரி டிரைவிலும் இதே கமாண்ட் பிராம்ப்ட் உண்டு! மீட்பு என்ற பெரிய பொத்தானை மட்டும் பார்த்துவிட்டு, அதன் பக்கத்தில் இருந்ததைக் கவனிக்கவில்லை.

அப்படியானால் ரெக்கவரி டிரைவுக்கு என்ன கூடுதல்? தயாரிப்பாளர் கொடுத்த டிரைவர்கள் (வன்பொருளை இயக்கும் நிரல்கள்) அதில் சேர்ந்து வரலாம். கணினியைத் துடைத்துவிட்டு வேறொருவருக்குக் கொடுக்கும்போது அது வசதி. அதைத் தாண்டி அதற்காக ஒரு 16 ஜிபி பென் டிரைவை முடக்கி வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

பூட்டுக்குச் சாவி இல்லையென்றால்

மேலே சொன்னதில் ஒரு படியைத் தாண்டி வந்துவிட்டேன். கமாண்ட் பிராம்ப்டைத் திறக்கும்போதே என்னிடம் விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கரின் 48 இலக்க மீட்பு எண் கேட்கப்பட்டது. புதிய விண்டோஸ் 11 கணினிகள் பலவற்றில் நாம் கேட்காமலே டிஸ்க் என்கிரிப்ட் ஆகியிருக்கும். எண் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். போனில் அந்தக் கணக்குக்குள் போய் எடுத்தேன். கடவுச்சொல்லை அந்த லேப்டாப்பில் மட்டுமே சேமித்து வைத்திருந்தால்? கதை அங்கேயே முடிந்திருக்கும், கையில் எந்த வட்டு இருந்தாலும்.

2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளின் ஒரு பிழையான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் நின்றது நினைவிருக்கும். மருந்து எளிது, ஒரு கோப்பை நீக்க வேண்டும். அதற்கென்றே பூட் ஆகும் பென் டிரைவ் செய்யும் கருவியை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. ஆனால் என்கிரிப்ட் ஆன கணினிகளில் அந்தக் கோப்பைத் தொட 48 இலக்கம் தேவைப்பட்டது. கணினி கணினியாகப் போய் அதைத் தட்டியவர்களின் விரல்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

ஹைரன்ஸ்: பழகிய முகம்

கட்டளை என்றாலே ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஹைரன்ஸ் பூட்சிடி பிஇ. பூட் ஆனால் ஸ்டார்ட் மெனுவோடு முழு விண்டோஸ் மேசைத்தளமே வரும்; நோட்பேட் வித்தை எல்லாம் வேண்டாம், இழுத்துப் போட்டால் போதும். பிரவுசர் உண்டு, டிஸ்க் ஆரோக்கியத்தைக் காட்டும் கருவிகள் உண்டு, உள்ளூர்க் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றவும் வழி உண்டு. பழைய ஹைரன்ஸ் 2012இல் 15.2 பதிப்போடு நின்றுபோனது. அதில் காசு கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருள்களும் கலந்து கிடந்தன. இன்றைய பிஇ பதிப்பை ரசிகர்கள் எடுத்து நடத்துகிறார்கள், இலவசக் கருவிகள் மட்டும்.

என் தயக்கம் ஒன்றுதான். யாரோ கட்டிக்கொடுத்த விண்டோஸ் சூழலுக்குள் என் 48 இலக்கத்தைத் தட்ட வேண்டியிருக்கிறது. வீட்டுக் கணினிக்குச் சரி. அலுவலகக் கணினிக்கு நான் செருக மாட்டேன்.

டிஸ்கே சாகும்போது

இதுவரை பார்த்தவை டிஸ்க் நலமாக இருந்து விண்டோஸ் மட்டும் கெட்டுப்போனால் உதவும். ஹார்ட் டிஸ்க் டிக் டிக் என்று சத்தம் போட ஆரம்பித்துவிட்டால் கதையே வேறு. அந்த நேரத்தில் விண்டோஸ் பென் டிரைவை வைத்து டிஸ்க் பிழைகளைத் திருத்தும் செக்டிஸ்க் கட்டளையை ஓட்டுவது, மூச்சுத் திணறும் ஆளை ஓடச் சொல்வது மாதிரி. அது பழுதான இடங்களையே திரும்பத் திரும்பப் படிக்கும், போதாததற்கு அதே டிஸ்கில் எழுதவும் செய்யும்.

இங்கே நான் எடுப்பது சிஸ்டம்ரெஸ்கியூ, பென் டிரைவிலிருந்தே ஓடும் ஒரு லினக்ஸ் மீட்புத் தொகுப்பு. முன்பு ஜென்டூ லினக்ஸை அடிப்படையாகக் கொண்டிருந்தது, 2019இல் ஆர்ச் லினக்ஸுக்கு மாறியது. சாகும் டிஸ்கை நகலெடுக்க இதில் இருக்கும் டிடிரெஸ்கியூ என்ற ஒரு கருவிக்காகவே பென் டிரைவில் இடம் கொடுக்கலாம். முதல் சுற்றில் சுலபமாகப் படிக்க முடிந்த பகுதிகளை எல்லாம் அள்ளிக்கொள்ளும்; முரண்டு பிடிக்கும் இடங்களைத் தாண்டிப் போய், பிறகு திரும்பி வந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டும். எது முடிந்தது, எது பாக்கி என்று ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொண்டே போவதால், டிஸ்க் சூடேறினால் நிறுத்திவிட்டு மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நகல் இன்னொரு பெரிய டிஸ்கில் வந்து சேர்ந்தபின் தொலைந்த பார்ட்டிஷன்களைத் தேடும் டெஸ்ட்டிஸ்க், அழிந்த கோப்புகளைத் தோண்டும் ஃபோட்டோரெக் எல்லாவற்றையும் அந்த நகலின் மீது ஓட்டிப் பார்க்கலாம். மூலத்தை மறுபடி தொடவே வேண்டாம். அப்புறம், மூலம் எது நகல் எது என்று டிஸ்கின் அளவைப் பார்த்து இரண்டு முறை உறுதி செய்த பிறகே என்டரைத் தட்டுங்கள். மாற்றிக் கொடுத்தால் டிடிரெஸ்கியூ தயங்காமல் வெறும் டிஸ்கை உங்கள் டிஸ்கின் மேல் எழுதிவிடும்.

சிரமங்களும் உண்டு. பூட் ஆனதும் கறுப்பு டெர்மினல்தான். ஸ்டார்ட்எக்ஸ் என்று தட்டினால் எக்ஸ்எஃப்சிஇ மேசைத்தளம் வரும். கையொப்பமிட்ட நிரல்களை மட்டுமே பூட் ஆக விடும் செக்யூர் பூட்டை அணைத்தால்தான் இது எழும். அதை அணைத்தபின் விண்டோஸுக்குத் திரும்பினால் பிட்லாக்கர் 48 இலக்கம் கேட்கக்கூடும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் (முழுதாக அணையாமல் பாதி உறங்கும் வசதி) இயங்கிய நிலையில் அணைந்த விண்டோஸ் டிரைவை லினக்ஸ் படிக்க மட்டுமே விடும், எழுத விடாது. கோப்புகளை வெளியே எடுக்க அதுவே போதும். எனக்குப் பிடித்த வசதி ஒன்று: மொத்தத்தையும் ரேமுக்கு ஏற்றிவிடும் பூட் தேர்வு. ஏற்றியபின் பென் டிரைவைக் கழற்றிவிடலாம். இரண்டே யூஎஸ்பி போர்ட் உள்ள லேப்டாப்பில் இதன் அருமை தெரியும்.

வெறுமனே கோப்புகளை எடுக்க உபுண்டு என்ற லினக்ஸ் உள்ள பென் டிரைவே போதும். செக்யூர் பூட்டையும் அணைக்க வேண்டியதில்லை.

எல்லாவற்றையும் ஒன்றில் போட்டால்

2020இல் வந்த வென்டாய் இந்தச் சண்டையையே பாதி தீர்த்துவிட்டது. ஒரு முறை பென் டிரைவில் நிறுவிவிட்டால், அப்புறம் ஐஎஸ்ஓ கோப்புகளைச் சாதாரணமாகக் காப்பி செய்தால் போதும். பூட் ஆகும்போது பட்டியல் காட்டும், வேண்டியதைத் தேர்ந்தெடுக்கலாம். செக்யூர் பூட் உள்ள கணினியில் முதல் முறை நீலத் திரை ஒன்று வரும், அதில் சாவியைப் பதிவு செய்ய வேண்டும். மூலநிரலோடு சேர்ந்து வரும் தயார்நிலை பைனரி கோப்புகள் (உள்ளே என்ன இருக்கிறது என்று படித்துப் பார்க்க முடியாதவை) பற்றிக் கேள்விகள் எழுந்ததுண்டு. நியாயமான கேள்விகள்தான், நான் பயன்படுத்துகிறேன், ஆனால் எல்லா முட்டையையும் இதில் வைப்பதில்லை.

எந்த வழியில் போனாலும், செய்த அன்றே ஒரு முறை பூட் செய்து பாருங்கள். இன்டெல் விஎம்டி என்ற டிஸ்க் நிர்வாக வசதி இயங்கும் சில லேப்டாப்களில் பூட் ஆகும், ஆனால் டிஸ்கே கண்ணில் படாது. தயாரிப்பாளரின் டிரைவரை பென் டிரைவில் போட்டு ஏற்ற வேண்டியிருக்கும். இதை விபத்து நாளில் கண்டுபிடிப்பது கொடுமை. வருடக்கணக்கில் இழுப்பறையில் கிடந்ததையும் நம்ப முடியாது. 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் அப்டேட் பாதுகாப்புக் காரணத்தால் பழைய லினக்ஸ் பூட்லோடர்களை (லினக்ஸைக் கிளப்பும் நிரல்களை) தடுத்தது. அதுவரை எழுந்துகொண்டிருந்த பென் டிரைவ்கள் மறுநாள் மறுத்தன.

என் இழுப்பறையில் இப்போது இரண்டு இருக்கின்றன. விண்டோஸ் நிறுவல் பென் டிரைவ் தனியாக ஒன்று. இன்னொன்று சிஸ்டம்ரெஸ்கியூவும் உபுண்டுவும் உள்ள வென்டாய். இரண்டிலும் செய்த தேதியும், என் லேப்டாப்பின் பூட் மெனு எஃப்12 என்பதும் எழுதி ஒட்டியிருக்கிறது. 48 இலக்கம் தாளில், வேறு இடத்தில். வென்டாய்க்கு எடுத்தது அந்தப் பழைய ரெக்கவரி டிரைவைத்தான். 16 ஜிபி, நன்றாகத்தான் ஓடுகிறது.