கட்டு, பூட்டு, மாட்டு: கட்டத்தில் எது நிற்கும்?

கிருஷ்ணகிரியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, ஞாயிற்றுக்கிழமைக் குறுக்கெழுத்தை நானும் அண்ணியும் சேர்ந்துதான் போடுகிறோம். ஆனால் போடும் வழி வேறு வேறு. குறிப்பைப் படித்ததும் அண்ணி அந்தப் பொருள் தரும் சொற்களையெல்லாம் தாளின் ஓரத்தில் அடுக்கிவிடுவார். குறுக்கே வெட்டும் சொல் ஓர் எழுத்தையாவது தரட்டும் என்று நான் காத்திருப்பேன். மற்றக் குறிப்புகளில் இரண்டு வழியும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் விடைக்குப் போய்ச் சேர்கின்றன. கட்டுவது, பூட்டுவது, அடைப்பது பற்றிய குறிப்பு வந்தால்தான் வித்தியாசம் தெரிகிறது.

'இணைத்துவிடு (3)' என்று ஒரு குறிப்பு. அடுக்கினால் கட்டு, பூட்டு, மாட்டு, ஒட்டு என்று நான்கு சொற்கள் வருகின்றன. புள்ளி வைத்த எழுத்துக்கும் தனிக் கட்டம் என்பதால் நான்குமே மூன்று கட்டங்களில் அடங்குகின்றன. ஆங்கிலத்தில் டை மூன்றெழுத்து, லாக் நான்கு, பேஸ்ட் ஐந்து. நீளமே பாதிச் சொற்களைக் கழித்துவிடும். தமிழில் அந்த உதவி இல்லை. சரி, காத்திருக்கலாம் என்றால், இரண்டாம் கட்டத்தில் 'ட்' கிடைத்தும் மூன்றாம் கட்டத்தில் 'டு' கிடைத்தும் என்ன பயன்? நான்குக்கும் வால் ஒன்றே. முதல் எழுத்து வரும் வரை பென்சிலைக் கீழே வைத்திருப்பதே சரி என்பேன். நம் பத்திரிகைப் புதிர்கள் பலவற்றில் வலமிருந்து இடமாகவும் கீழிருந்து மேலாகவும் சொற்கள் ஓடும். அப்போது அந்த முதல் எழுத்து வலக் கோடியிலோ அடியிலோ உட்கார்ந்திருக்கும்.

குறிப்பு எழுதியவருக்கு மனம் இருந்தால் இவ்வளவு பாடு இல்லை. 'காளையை ஏரில்' என்றால் பூட்டு, 'சட்டையை ஆணியில்' என்றால் மாட்டு. 'திண்டுக்கல்லின் பெயர் சொல்வது' என்றால் 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பூட்டு.

கதவு என்று வந்துவிட்டால் அண்ணியின் வழிக்கு ஈடில்லை. தாழ் இரண்டு, கொண்டி மூன்று, நாதாங்கி நான்கு, தாழ்ப்பாள் ஐந்து. கட்டங்களை எண்ணினாலே விடை கிடைத்துவிடும். அன்புக்கு இல்லை என்று 71ஆம் குறள் சொல்லும் தாழும் இந்த வரிசையில்தான் முதலில் நிற்கிறது. கொண்டிக்கு மட்டும் கொக்கி போட்டிக்கு வரும். இரண்டும் 'கொ'வில் தொடங்கும் மூன்று கட்டச் சொற்கள். இங்கே முதல் எழுத்து கைவிட்டுவிடும், நடுவில் இருப்பது 'ண்'ணா 'க்'கா என்று பார்க்க வேண்டும்.

கயிற்றில்தான் இரண்டு வழியும் தோற்றன. 'இதை விட்டுவிட்டு வாலைப் பிடிக்காதே (3)' என்பது குறிப்பு. 'தும்பை விட்டு வாலைப் பிடிக்காதே' என்ற பழமொழி இருவருக்கும் தெரியும். தும்பை என்று எழுதிவிட்டோம். 'து', 'ம்' இரண்டும் வெட்டும் சொற்களோடு ஒத்துப்போனதால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. அடுக்கிப் பார்த்த அண்ணிக்கோ தும்பைப் பூவைத் தவிர வேறொன்றும் நினைவுக்கு வரவில்லை.

அம்மா போச்சம்பள்ளிப் பக்கம் மாடு கன்றுகளோடு வளர்ந்தவர். அங்கே ஞாயிற்றுச் சந்தையில் தாம்புக் கயிறும் மூக்கணாங்கயிறும் பார்த்து வாங்கிப் பழகியவர். அவர் கட்டத்தைப் பார்க்கக்கூட இல்லை. "பூவை விட்டால் மாடு ஏன் ஓடப்போகிறது? தும்பு என்றால் மாட்டைக் கட்டுகிற கயிறு. பிடித்திருந்த தும்பை விட்டுவிட்டு ஓடுகிற மாட்டின் வாலைப் பிடிக்காதே என்று சொன்னார்கள்" என்றார். 'ஐ' வெறும் வேற்றுமை உருபு என்பது அப்போதுதான் உறைத்தது. 'து'வுக்குப் பதில் 'தா' இருந்திருந்தால் தாம்பு என்ற இன்னொரு கயிறு வந்திருக்கும் என்பதும் அதன் பிறகே தோன்றியது.

அண்ணி 'பை'யை அழித்துவிட்டுப் 'பு' எழுதினார். அதிலிருந்து கீழே இறங்கும் 'ரசத்துக்கு வேண்டியது (2)' அரை மணி நேரமாக எங்களுக்கு அகப்படாமல் இருந்தது. புளி.