தென்கடல் தூண்டில் பயணம்: 6,000 ரூபாய்க்குக் கிடைத்தது என்ன?

கடந்த ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ராமேசுவரத்துக்கு அருகே உள்ள மண்டபம் பகுதியில் சுற்றுலாப் பயணிகளை நாட்டுப்படகில் ஏற்றித் தூண்டில் போட அழைத்துச் செல்லும் ஒருவரிடம் நான்கு பேருக்கு 6,000 ரூபாய் கட்டி, நானும் என் மைத்துனரும் அவருடைய அலுவலக நண்பர்கள் இருவரும் கடலுக்குப் போய்வந்தோம். மீன் கிடைக்கவில்லை என்று நான் குறை சொல்ல வரவில்லை. மீன் தருவதாகக் கடல் யாருக்கும் எழுதிக் கொடுத்ததில்லை. காசு வாங்கியவர் தம் பொறுப்பில் இருந்தவற்றைக்கூடச் சரிவரச் செய்யவில்லை என்பதே என் வருத்தம். இதே வகை விளம்பரங்கள் இக்கரையில் பெருகிவருவதால், பெயரை விட்டுவிட்டு நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

முதல் தவறு கடலைத் தேர்ந்தெடுத்ததிலேயே நேர்ந்தது. மண்டபத்தில் நிலம் ஒடுங்கிக் கிடப்பதால் வடக்கே பாக் விரிகுடாவும் தெற்கே மன்னார் வளைகுடாவும் நடக்கும் தூரத்திலேயே இருக்கின்றன. ஊரார் அவற்றை வடகடல், தென்கடல் என்பார்கள். கச்சான் எனப்படும் தென்மேற்குக் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். ஐப்பசிக்குமேல் வாடைக்காற்று பிடித்துவிட்டால் நிலைமை தலைகீழாகும். இது அங்குள்ள பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு. எந்தக் கடலுக்குப் போகிறோம் என்று முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டதற்கு, "நல்ல கடல்தான் சார்" என்ற பதில் வந்தது. படகு தென்கரையில் கட்டப்பட்டிருந்ததைத் தவிர, எங்களைத் தென்கடலுக்கு அனுப்பியதற்கு வேறு காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

அதிகாலை ஐந்து மணிக்கு என்று சொல்லப்பட்ட பயணம் ஏழே முக்காலுக்குத்தான் புறப்பட்டது. உயிர்காப்புச் சட்டைகள் நான்கு இருந்தன என்பது உண்மைதான். ஆனால் ஒன்று சிறு பிள்ளைகளுக்கானது, இன்னொன்றில் கொக்கி உடைந்து சணல் கயிற்றால் முடிச்சிட்டிருந்தார்கள்.

தூண்டில்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். விளம்பரப் படத்தில் பளபளத்த தூண்டில் கோல்களுக்குப் பதிலாக எங்கள் கைக்கு வந்தவை உப்பேறிப் போனவை. அவற்றில் ஒன்றின் சுருள் சுற்றவே மறுத்ததால், படகோட்டி தம் சாப்பாட்டுப் பையிலிருந்து தேங்காய் எண்ணெயை எடுத்து இரண்டு சொட்டு விட்டுப் பார்த்தார். இரைக்காகக் கொடுத்த கணவாய், மூடியைத் திறந்ததுமே நண்பர் ஒருவரைப் படகின் மறுபக்கத்துக்கு விரட்டியது. ஈயக்குண்டுகளோ குளத்தில் கெண்டை பிடிப்பதற்குப் போதுமானவை. அன்று நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், வலுவாக இழுத்ததால், தூண்டில் நரம்பு கடல் தரைக்கு இறங்காமல் காற்றாடி நூலைப் போலச் சாய்ந்து படகுக்கு அடியிலேயே ஓடியது. பத்து மணிவாக்கில் மைத்துனரின் தூண்டிலில் உள்ளங்கையைவிடப் பெரிய விளமீன் ஒன்று மாட்டிப் படகின் விளிம்புவரை வந்தது. தூக்கும்போது துருப்பிடித்த தூண்டில் முள் நிமிர்ந்துகொள்ள, மீன் போய்விட்டது. அந்த முள்ளை அவர் இன்னும் பணப்பையில் வைத்திருக்கிறார்.

அதற்குப் பிறகு கிடைத்தவை எல்லாம் பேத்தை. வயிற்றை ஊதிக்கொண்டு பந்தாகி வந்த மீனை நண்பர் ஆசையாகக் கையில் எடுக்க, படகோட்டி வாங்கிக் கடலில் போட்டுவிட்டார். சமைத்தாலும் போகாத நஞ்சு அதில் உண்டு என்பதை அவர் சொல்லித்தான் நண்பர் அறிந்தார்.

இந்தப் பயணத்தில் குறை சொல்ல முடியாதவர் அந்தப் படகோட்டி ஒருவர்தான். முயல் தீவில் இறங்கி மீன் சுட்டுச் சாப்பிடலாம் என்று பதிவு செய்யும்போது எங்களுக்கு வாக்களித்திருந்தார்கள். பாம்பனிலிருந்து தூத்துக்குடி வரை உள்ள 21 தீவுகளும் 1986 முதல் கடல்வாழ் தேசியப் பூங்காவுக்குள் வருபவை. வனத்துறையின் அனுமதியின்றி அவற்றில் இறங்க முடியாது. நாங்கள் வாக்குறுதியை நினைவூட்டியபோது, "தீவுல கால வச்சா பாரஸ்ட்காரங்க படகப் பிடிச்சிருவாங்க தம்பி, சம்மாட்டிக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்றார். சம்மாட்டி என்பது படகின் சொந்தக்காரர். நங்கூரத்தைக்கூட அவர் பவளப்பாறையான பாரின்மேல் போடாமல், மணல் பார்த்து இறக்கியதைக் கவனித்தேன்.

பன்னிரண்டு மணிக்குத் திரும்பும் வழியில் இஞ்சின் நின்றது. பழுது ஒன்றும் இல்லை, டீசல் தீர்ந்திருந்தது. எதிர்க்காற்றில் எவ்வளவு செலவாகும் என்று கணக்கிடாமல் அளந்து ஊற்றிக் கொடுத்திருக்கிறார்கள். எங்களுக்கு அவசர எண் எதுவும் தரப்படவில்லை. படகோட்டியின் மரப்பெட்டி மூடியின் உட்புறத்தில் மட்டும் கடலோரக் காவல்படையின் 1554 சாயத்தால் எழுதப்பட்டிருந்தது. அதற்குத் தேவை ஏற்படவில்லை. அவருடைய உறவினர் ஒருவர் வத்தை என்னும் சிறு படகில் வந்து, கேனில் டீசல் கொடுக்கும்வரை ஒன்றரை மணி நேரம் அலைமேல் ஆடிக்கொண்டிருந்தோம். நண்பர்களில் ஒருவர் காலையில் குடித்த தேநீரையும் கடலுக்கே கொடுத்துவிட்டார். டீசலுக்கான காசைப் படகோட்டி தம் சட்டைப்பையிலிருந்து எடுத்தபோது எங்களுக்குக் கூச்சமாக இருந்தது, நாங்களே கொடுத்துவிட்டோம்.

கரையில் போட்டிருந்த கீற்றுக் கொட்டகையில் சோறும் நகரை மீன் குழம்பும் பரிமாறினார்கள். குழம்பு உண்மையிலேயே அருமை. புளியும் மிளகாயும் அளவறிந்து சேர்ந்திருந்தன, மீன் அன்றைய மீன். சாப்பிட்டு முடித்ததும் தனியாக 800 ரூபாய் கேட்டார்கள். உணவும் கட்டணத்தில் சேர்ந்ததுதானே என்று கேட்டதற்கு ஏற்பாட்டாளர் சிறிதும் தயங்காமல் சொன்னார்: "நீங்க பிடிச்சிட்டு வந்த மீனச் சமைச்சுத் தர்றதுதான் சார் இலவசம். நீங்க ஒண்ணும் பிடிக்கலையே."