"சாப்பாடு உட்பட" என்று போட்டிருந்தால், என்ன சாப்பாடு என்று கேளுங்கள்: தீம் பார்க் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

டிசம்பர் பள்ளி விடுமுறை நெருங்கினால் போதும், தென்னாப்பிரிக்காவின் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், லெனேசியா பக்கத்து வாட்சாப் குழுக்களில் ஒரே மாதிரி போஸ்டர்கள் சுற்ற ஆரம்பித்துவிடும். ஏசி பஸ், தீம் பார்க் டிக்கெட், மதியச் சாப்பாடு உட்பட ஆளுக்கு இவ்வளவு ரேண்ட். மூலையில் பளபளவென்று ஒரு பர்கர் படம். பஸ்ஸும் வரும், டிக்கெட்டும் வரும், அதில் பெரும்பாலும் வம்பில்லை. தலையில் மிளகாய் அரைப்பது அந்த "சாப்பாடு உட்பட" என்கிற இடத்தில்தான். இதில் ஏமாந்த குடும்பங்கள் நிறைய. ஏற்பாட்டாளர் பெயரை இங்கே போடவில்லை. அவர் போனால் அதே கூப்பனோடு இன்னொருவர் வருவார், ஆகவே கூப்பனைப் பற்றியே பேசலாம்.

உள்ளங்கையில் பாதி அகலத்துக்கு ஒரு மஞ்சள் அட்டை. முன்பக்கம் பர்கர், சிப்ஸ், உயரமான கூல்டிரிங்க் கப். மேலே கொட்டை எழுத்தில் "ஒரு மதிய உணவு, இலவசம்". திருப்பினால் எறும்பு ஊர்ந்த மாதிரி ஐந்து வரி: பகல் 11.30 முதல் 2.30 வரை மட்டும், குறிப்பிட்ட ஒரு கடையில் மட்டும், இன்றைக்கு மட்டும், மீதிக் காசு தரப்படாது, வேறு பொருளாக மாற்றித் தரப்படாது. கடையில் நீட்டினால் கைக்கு வருவது வியன்னா சாசேஜ் வைத்த ஒரு ஹாட்டாக், 250 மில்லி ஜூஸ். படத்தில் பார்த்த சிப்ஸுக்குத் தனிக் காசு. சைவம் என்று சொன்னால் வியன்னாவை எடுத்துவிட்டு வெறும் பன்னில் தக்காளி சாஸ் பிழிந்து தருகிறார்கள். விலை மட்டும் அதேதான்.

நேரமும் ஒரு பொறி. பஸ் 11 மணிக்கு மேல்தான் வந்து சேரும். பிள்ளைகள் முதலில் ரைடுக்குத்தான் ஓடுவார்கள். பசி தெரியும்போது மணி ஒன்று. அப்போது ஒரு பஸ் ஆட்கள் அறுபது பேரும் அந்த ஒரே கடை வாசலில் நிற்பார்கள், கூடவே மற்ற பஸ்காரர்களும். 2.30-க்கு ஷட்டர் இறங்கினால் கையிலிருக்கும் கூப்பன் வெறும் அட்டை. கியூவில் நிற்கப் பொறுமையில்லாதவர்கள் பக்கத்துக் கடையில் காசு கொடுத்து வாங்கிவிடுகிறார்கள். ஒரே சாப்பாட்டுக்கு இரண்டு தடவை பணம். பயன்படுத்தாத ஒவ்வொரு கூப்பனும் ஏற்பாட்டாளருக்கு முழு லாபம்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சாப்பாட்டோடு என்ன விலை, சாப்பாடு இல்லாமல் என்ன விலை என்று தனித்தனியாகக் கேளுங்கள். வித்தியாசம் ஆளுக்கு 120 ரேண்ட் என்று வைத்துக்கொள்வோம். நால்வர் குடும்பத்துக்கு 480. அதே கடையில் ஹாட்டாக் 48, ஜூஸ் 22 என்றால் ஆளுக்கு 70, நால்வருக்கு 280. கியூவில் நிற்காமல், பிடித்த நேரத்தில், பிடித்ததை வாங்கினாலும் 200 ரேண்ட் மிச்சம். சாப்பாடு இல்லாத விலையைச் சொல்ல மறுக்கிறவரிடம் புக் செய்யவே வேண்டாம். மறுப்பதற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

பணம் கட்டும் முன்னால் எழுத்தில் வாங்க வேண்டிய பதில்கள்: என்ன பொருள், எத்தனை மில்லி பானம், எந்தக் கடை, எந்த நேரம், சைவத்துக்கு என்ன, கூப்பன் பயன்படாவிட்டால் பணம் திரும்புமா. வாய்ஸ் நோட்டில் சொன்னால், "சரி, இதையே எழுதி அனுப்புங்கள்" என்று கேளுங்கள். போஸ்டரை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பயணம் முடிந்த மறுநாள் அது குழுவிலிருந்து அழிக்கப்பட்டிருக்கும். பணத்தை முடிந்தவரை கார்டில் கட்டுங்கள். வங்கிக் கணக்குக்கு நேரே அனுப்பிய பணத்தை, வாங்கியவர் சம்மதமில்லாமல் வங்கி திருப்பி எடுக்காது. கார்டில் கட்டியிருந்தால் வங்கியில் தகராறு பதிந்து கேட்க ஒரு வழியாவது இருக்கிறது. நிறுவனத்தின் பெயரில் போஸ்டர், கணக்கு மட்டும் ஒரு தனி ஆளின் பெயரில் என்றால் அங்கேயே நின்றுவிடுங்கள்.

பார்க்குக்கு உள்ளே போன பிறகு நடப்பவை சின்னச் சின்னத் திருட்டு. ஆனால் ஒரு நாளில் நாலைந்து தடவை நடக்கும்.

பலகையில் 60 ரேண்ட், பில் போடும் டில்லில் 69. கேட்டால் "வாட்", அதாவது மதிப்புக் கூட்டு வரி, என்பார்கள். 60-க்கு 15 சதவீதம் 9, கணக்கு சரிதான், செய்கைதான் தப்பு. இந்த நாட்டில் வாட் 2018 ஏப்ரலிலிருந்து 15 சதவீதம். வாடிக்கையாளருக்குக் காட்டும் விலை வாட்டையும் சேர்த்த விலையாக இருக்க வேண்டும். 2008-ஆம் ஆண்டின் 68-ஆம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 23: பலகையில் காட்டிய விலைக்கு மேல் வாங்கக் கூடாது, இரண்டு விலை காட்டியிருந்தால் குறைந்ததைத்தான் வாங்க வேண்டும். பார்த்தாலே தெரிகிற அச்சுப் பிழைக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆகவே ஆர்டர் சொல்லும் முன் பலகையை போனில் ஒரு படம். டில் ஸ்லிப்பைக் கேட்டு வாங்குங்கள். பொருள், அளவு, விலை, வரி எல்லாம் போட்ட ரசீது தருவது பிரிவு 26-இன்படி விற்பவரின் கடமை. ஸ்லிப் இல்லாமல் போட்ட சண்டை எதுவும் ஜெயிக்காது.

பலகையில் காம்போ மட்டும் பெரிதாக இருக்கும். பர்கர் தனி, சிப்ஸ் தனி என்கிற விலை ஓரத்தில் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. தண்ணீர் கையில் இருக்கிறவர்களுக்குக் காம்போவில் வரும் கூல்டிரிங்க் வீண் செலவு. "தனியாக எவ்வளவு?" என்று கேளுங்கள், பெரும்பாலும் விற்பார்கள்.

கலர் கலராக நினைவுக் கப் ஒன்று விற்பார்கள், திரும்பத் திரும்ப நிரப்பிக்கொள்ளலாம் என்று. கப் 130 ரேண்ட், முதல் தடவை நிரப்புவது அதிலேயே அடக்கம், அப்புறம் ஒவ்வொரு தடவையும் 15. சாதாரணக் கப் 40 என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு கப் குடித்தால் 175 ஆகிறது, சாதாரணக் கப்பில் 160. ஐந்தாவதில்தான் 190-க்கு 200 என்று பத்து ரேண்ட் லாபம் தட்டுப்படும். அரை லிட்டர் கப் என்றால் அது இரண்டரை லிட்டர் சர்க்கரைத் தண்ணீர். "நாலு பேரும் ஒரே கப்பில் குடிக்கலாம்" என்று விற்பவர் சொன்னாலும், நிரப்பும் இடத்தில் கைப்பட்டையைக் கேட்கிறார்களா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

காசு வாங்காமல் பார்க்கின் சொந்தக் கார்டில் பணம் ஏற்றச் சொல்லும் இடங்களில் குறைந்த தொகையாக ஏற்றுங்கள், தேவைப்பட்டால் மறுபடி ஏற்றலாம். மீதியைத் திருப்பித் தரும் ஜன்னல் பார்க் மூடுவதற்கு முன்பே மூடிவிடும், கடைசி ரைடு முடித்து வரும்போது விளக்கு அணைந்திருக்கும். கார்டு மெஷினில் கிரெடிட் கார்டு போட்டால் "ஸ்ட்ரெய்ட்டா, பட்ஜெட்டா?" என்று கேட்பது இங்கே வழக்கம். கேட்காமலே பட்ஜெட்டை அமுக்கிவிட்டால் பிள்ளைகளின் சிப்ஸுக்குத் தவணையும் வட்டியும் கட்ட வேண்டியிருக்கும். ஸ்ட்ரெய்ட் என்று நீங்களே முந்திச் சொல்லுங்கள். உட்கார்ந்து சாப்பிடும் இடத்தில் எட்டுப் பத்துப் பேராகப் போனால் பில்லில் சர்வீஸ் சார்ஜ் ஏற்கெனவே ஏறியிருக்கலாம். அதைப் பார்க்காமல் கீழே டிப் கோட்டில் இன்னொரு 10 சதவீதம் எழுதிக் கொடுப்பவர்கள் உண்டு.

காலாவதி விஷயத்துக்கு வருவோம். பணம் கொடுத்து வாங்கிய வவுச்சர், முன்பணக் கார்டு எதுவானாலும் அதே சட்டத்தின் பிரிவு 63 சொல்வது மூன்று ஆண்டு: மதிப்பு முழுவதும் தீரும் வரை, அல்லது வாங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டு வரை செல்லும். "இன்றைக்கு மட்டும்" என்று அச்சடிப்பதால் அது மாறாது. கூப்பனில் "இலவசம்" என்று ஏன் போடுகிறார்கள் என்பது இப்போது புரிந்திருக்கும். நீங்கள் பணம் கொடுத்து வாங்கவில்லை, அவர்கள் அன்பளிப்பாகத் தந்தது என்று வாதாடத்தான். சாப்பாட்டோடு ஒரு விலை, சாப்பாடு இல்லாமல் ஒரு விலை என்று எழுத்தில் வாங்கி வைத்தவருக்கு முன்னால் அந்த வாதம் நிற்பது கஷ்டம். பயன்படுத்தாத கூப்பனைக் கோபத்தில் கிழித்துப் போடாதீர்கள், அதுதான் சாட்சி. முதலில் ஏற்பாட்டாளருக்கு எழுதிக் கேளுங்கள். பதில் இல்லையென்றால் நுகர்வோர் பொருள் சேவைக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், நுகர்வோருக்குக் கட்டணம் கிடையாது. மேலே தேசிய நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. புக் செய்துவிட்டுப் போக முடியாமல் போனால் நியாயமான ரத்துக் கட்டணம் மட்டுமே பிடிக்கலாம். யாருக்காகப் புக் செய்ததோ அவர் இறந்தாலோ ஆஸ்பத்திரியில் சேர்ந்தாலோ அதுவும் பிடிக்கக் கூடாது.

இத்தனைக்கும் மாற்று நம் வீட்டுப் பாட்கோஸ்தான், அதாவது வழிக்குக் கட்டிக்கொண்டு போகும் சாப்பாடு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று ஆகாமல் இருக்க, எதைக் கட்டுகிறோம் என்பதில் கவனம் வேண்டும். வெளிச்சாப்பாட்டை அனுமதிக்காத பார்க்குகள் உண்டு. வாசலில் பையைத் திறந்து பார்த்துப் பறித்துவிட்டால் திரும்பக் கிடைக்காது. முதல் நாளே பார்க்கின் விதிகளைப் படியுங்கள். குழந்தை உணவு, சர்க்கரை நோய்க்காரர் உணவு இருந்தால் போனில் கேட்டு, யார் சொன்னார் என்று பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். கண்ணாடிப் பாட்டிலே வேண்டாம்.

பச்சரிசி 500 கிராம் வடித்துப் புளியோதரை கிளறினால் பெரியவர்கள் ஐந்து பேருக்கு வரும். புளியும் நல்லெண்ணெயும் இருப்பதால் தேங்காய்ச் சாதம், தயிர்ச் சாதத்தைவிட இது தாங்கும். ஆனால் கெடுவது பெரும்பாலும் ஆற வைப்பதில்தான். சூட்டோடு டப்பாவில் அடைத்தால் உள்ளே வேர்த்து, அந்த ஈரத்தில் கிருமி பெருகும், மறுபடி சூடு செய்தாலும் அதன் நஞ்சு போகாது. அகலத் தட்டில் பரப்பி, ஒரு மணி நேரத்துக்குள் ஆற்றி, ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுக் காலையில் கூலர் பாக்ஸுக்கு மாற்றுங்கள். ரொட்டி ரோல் என்றால் உருளைக்கிழங்கைத் தண்ணீர் சுண்ட வறட்டி வையுங்கள், ஆளுக்கு இரண்டு. பிரெட்டைக் குடைந்து கறிக்குழம்பு நிரப்பிய பன்னி சாவ் கட்டிக்கொண்டு போகிற ஆசையை விட்டுவிடுங்கள், அரை மணியில் ரொட்டி கிரேவியைக் குடித்துக் குழைந்துவிடும்; அது திரும்பி வரும் வழியில் சாப்பிட வேண்டியது.

அரை லிட்டர் பாட்டில்களில் மேலே இரண்டு விரல்கடை இடம் விட்டுத் தண்ணீர் ஊற்றி, முந்தின இரவே உறைய வையுங்கள். ஐஸ் கட்டிக்குக் காசில்லை, உருக உருகக் குடிக்கத் தண்ணீர். கூலர் பாக்ஸைக் காரின் டிக்கியில் வெயிலில் வைக்காதீர்கள். இருக்கைக்குக் கீழே, மேலே ஒரு துண்டு போர்த்தி. குளிர் போன பிறகு இரண்டு மணி நேரம்தான் கணக்கு, வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம். டர்பன் பக்கம் மரத்தடியில் பிரித்தால் குரங்குகளுக்கும் ஒரு பங்கு போகும். டப்பாவைத் திறப்பதற்கு முன் மேலே ஒரு பார்வை பாருங்கள்.

புரட்டாசி விரதம் இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கப் பள்ளி விடுமுறை பெரும்பாலும் புரட்டாசியில்தான் விழுகிறது. பார்க்கில் "வெஜ்" என்று விற்கும் சிப்ஸ் மீனும் கோழியும் பொரித்த அதே எண்ணெயில் பொரித்ததாக இருக்கலாம், வெஜ் பர்கர் அதே கல்லில் வாட்டியதாக இருக்கலாம். "வெஜ்தானே?" என்று கேட்டால் ஆமாம் என்றுதான் பதில் வரும். "சிப்ஸுக்குத் தனி ஃபிரையரா?" என்று கேளுங்கள், அப்போதுதான் உள்ளே திரும்பிப் பார்த்துச் சொல்வார்கள். மற்ற நாட்களிலும் ஒன்று: ஹலால் பலகை இருந்தால் பன்றி இல்லை என்று அர்த்தம், மாடு இல்லை என்று அர்த்தமில்லை. வியன்னாவில் என்ன இறைச்சி என்று பாக்கெட்டைக் காட்டச் சொல்லலாம்.

வெளிச்சாப்பாட்டை உள்ளே விடாத பார்க்கானாலும், வெளியே போய்த் திரும்பி வர அனுமதித்தால் பாட்கோஸ் பிழைத்துவிடும். காரில் சாப்பிட்டுவிட்டு வரலாம். 11 மணிக்கு ஒரு தடவை, 3 மணிக்கு ஒரு தடவை என்று போனால் கடைகளில் கூட்டம் மொய்க்கும் நேரத்தில் ரைடு கியூ சற்றுக் குறைந்திருக்கும். வெளியே போகும் முன் வாசலில் கையில் முத்திரை குத்தச் சொல்லிக் கேளுங்கள். நீர் விளையாட்டுப் பார்க் என்றால் அந்த மை தண்ணீரிலும் சன்ஸ்கிரீனிலும் கரைந்துவிடும், மங்கின முத்திரையோடு வந்தால் இன்னொரு டிக்கெட் கேட்பார்கள். மணிக்கட்டில் ஒட்டும் பட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் குளத்தில் இறங்கும் முன்பே முதல் சாப்பாட்டை முடித்துவிட்டு, டிக்கெட்டையும் ஸ்லிப்பையும் நனையாமல் ஒரு ஜிப் பையில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.