காந்தம் ஒட்டவில்லை என்பதற்காக 316 ஆகிவிடாது: படகுக்குத் தூண்டில் ராடு ஹோல்டர் செய்யக் கொடுப்பவர்கள் கவனிக்கவும்

சேலத்தில் ஏதாவது எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஃபேப்ரிகேஷன் கடையில் உங்களுக்கும் இந்த வித்தை நடக்கலாம். “அசல் 316 சார், பாருங்க, காந்தமே ஒட்டாது” என்று கடைக்காரர் மேஜை டிராயரிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்துப் பைப்பில் வைத்துக் காட்டுவார், அது வழுக்கி விழும். அதை நம்பி அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். 316, 304, 202 எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலின் கிரேடுகள். காந்தம் 316-லும் ஒட்டாது, 304-லும் ஒட்டாது, இருப்பதிலேயே மலிவான 202-லும் ஒட்டாது. இன்னும் வேடிக்கை, நல்ல 304 பைப்பை வளைத்த இடத்தில் சில நேரம் லேசாக இழுக்கும். அப்படியிருக்க அந்தக் காந்தம் எதை நிரூபிக்கிறது?

விஷயத்துக்கு வருகிறேன். மச்சானுக்குப் பரங்கிப்பேட்டையில் ஒரு சின்ன ஃபைபர் படகு இருக்கிறது. வெள்ளாற்று முகத்துவாரத்தில் கொடுவாவுக்கும், கடல் அமைதியாக இருந்தால் கொஞ்சம் வெளியே போய்ப் பாறை மீனுக்கும் சீலாவுக்கும் தூண்டில் போடுவோம். படகை மெதுவாக ஓட்டிக்கொண்டே பின்னால் லூர் (போலி இரை) இழுக்க ராடைக் கையிலேயே பிடித்துக்கொண்டிருக்க முடியாது, அதனால் படகு விளிம்பில் நான்கு ராடு ஹோல்டர் வைக்கலாம் என்று முடிவு செய்தோம். கடையில் கிடைக்கும் ரெடிமேட் ஹோல்டர் எங்கள் படகின் விளிம்பு வளைவுக்குப் பொருந்தவில்லை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஊரிலேயே குடியிருந்துகொண்டு இதை ஏன் வெளியே தேட வேண்டும் என்று சேலத்திலேயே ஆர்டர் கொடுத்தோம்.

கடைப் பெயரைப் போடவில்லை, விஷயம் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறது. ஆனால் சொன்னதும் கொடுத்ததும் என்ன என்பதை எழுதலாம். பேசியது 316, 16 கேஜ் கனமுள்ள பைப், ஆர்கான் வெல்டிங், 30 டிகிரி சாய்வு, வாயில் ஸ்பின்னிங் ரீலின் தண்டு உட்கார ஒரு வெட்டு, அடியில் தண்ணீர் வடிய ஓட்டை. எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். “நம்ம சேலம் ஸ்டீல் பிளாண்ட் பைப்தான் சார்” என்று வேறு சொன்னார். கஞ்சமலை அடிவாரத்தில் இருக்கும் அந்த ஆலையில் உருட்டுவது தகடும் காயிலும் (சுருட்டிய தகடு), அதை வாங்கிப் பைப் ஆக்குவது வேறு கம்பெனிகள். சேலத்துக்காரருக்கே இதைச் சொல்கிறார் என்றால் வெளியூர்க்காரரிடம் என்னென்ன சொல்வாரோ.

வந்து சேர்ந்தபோது பார்க்கக் கண்ணாடி மாதிரி இருந்தது. பஃபிங் நன்றாகத்தான் போட்டிருந்தார்கள், குறை இருப்பதெல்லாம் அந்தப் பளபளப்புக்கு அடியில். வெல்டிங் சூட்டில் நீலமும் பழுப்புமாக நிறம் மாறும் இடத்தை ஆசிட் பேஸ்ட் போட்டுச் சுத்தம் செய்ய வேண்டும், இல்லையென்றால் துரு முதலில் பிடிப்பது அங்கேதான். இவர்கள் வெளிப்பக்கம் தேய்த்ததோடு சரி, உள்பக்கம் அப்படியே கருகிக் கிடந்தது. ரீல் தண்டுக்கான வெட்டைக் கிரைண்டரில் அறுத்துவிட்டுப் பிசிறைக்கூட எடுக்கவில்லை, மச்சானின் ராடு கைப்பிடியில் இருந்த ஃபோமை அது துருவித் தள்ளிவிட்டது.

மாட்டியது இன்னும் மோசம். “என் ஃபிட்டர் வந்தாத்தான் கேரண்டி” என்று போக்குவரத்துச் செலவோடு ஒரு பையனை அனுப்பினார். அந்தப் பையனைக் குறை சொல்ல மாட்டேன், கையில் கொடுத்து அனுப்பியதே கூரைத் தகட்டுக்கு அடிக்கும் செல்ஃப் ட்ரில்லிங் ஸ்க்ரூதான். அது ஜிங்க் பூசிய சாதா இரும்பு. ஃபைபர் விளிம்பில் ஹோல்டர் நிற்க வேண்டுமானால் எஸ்எஸ் போல்ட்டை ஊடே விட்டு, அடியில் ஒரு தகடோ அகலமான வாஷரோ கொடுத்து, தானாகக் கழலாத நைலாக் நட் போட்டு முறுக்க வேண்டும். ஓட்டையைச் சுற்றித் தண்ணீர் புகாமல் அடைக்கும் பியூ சீலன்ட் வைக்க வேண்டும், இல்லையென்றால் விளிம்புக்குள் பிளைவுட் இருக்கும் படகில் தண்ணீர் இறங்கி உள்ளேயே மக்கிவிடும். இதில் ஒன்றுகூட நடக்கவில்லை. நாங்கள் கேட்டதற்குக் கடைக்காரர் போனிலேயே “அதெல்லாம் தாங்கும் சார்” என்றார்.

தாங்கவில்லை. ஒரு சீலா அடித்த அடியில் பின்பக்க ஹோல்டர் ஸ்க்ரூவோடு பிடுங்கிக்கொண்டு சாய்ந்தது, ராடும் ரீலும் கடலில். ஹோல்டர் மட்டும் ஒற்றை ஸ்க்ரூவில் தொங்கிக்கொண்டிருந்தது. (எப்படிப்பட்ட ஹோல்டராக இருந்தாலும் ராடைப் படகோடு ஒரு கயிற்றால் கட்டிவையுங்கள்.) அதற்குள்ளேயே வெல்டிங் ஓரமெல்லாம் பழுப்பேறி, துடைத்தால் அடியில் ஊசி குத்தியதுபோல் புள்ளிப் புள்ளியாகக் குழி தெரிந்தது.

கழற்றி எடுத்துக்கொண்டு போய்க் கேட்டால், “கடல் தண்ணில எந்த எஸ்எஸ்ஸும் துரு பிடிக்கும் சார்” என்கிறார். பாதி உண்மை. கழுவாமல் விட்டால் 316-லும் மேலே டீக்கறை மாதிரி படியும், தேய்த்தால் போய்விடும். இவ்வளவு சீக்கிரம் குழி விழாது. அதற்கப்புறம் ஒரு ஹோல்டரை, உலோகத்தில் என்னென்ன கலந்திருக்கிறது என்று காட்டும் ஸ்பெக்ட்ரோ டெஸ்டுக்குக் கொடுத்தேன். மாங்கனீசு 9 சதவீதத்தை ஒட்டி, நிக்கல் 4-க்குக் கொஞ்சம் மேலே, மாலிப்டினம் பெயருக்குக்கூட இல்லை. 316 என்றால் நிக்கல் 10 சதவீதத்துக்குக் குறையக்கூடாது, மாலிப்டினம் 2 முதல் 3 சதவீதம் இருக்க வேண்டும், உப்புத் தண்ணீரை அது தாக்குப்பிடிப்பதே அந்த மாலிப்டினத்தால்தான். என்னிடம் இருப்பது சுத்தமான 202. அறுத்த ஓரத்தில் வெர்னியர் வைத்தால் கனம் 1.2 மில்லிமீட்டர், அதாவது 18 கேஜ். 16 கேஜ் என்றால் 1.6 இருக்க வேண்டும்.

202 கெட்ட சரக்கு என்று சொல்லவில்லை. வீட்டு கேட்டுக்கும் மாடிப்படிக் கைப்பிடிக்கும் சேலத்தில் எத்தனையோ பேர் அதைத்தான் போடுகிறார்கள், ஒழுங்காக உழைக்கிறது. 202 என்று சொல்லி 202 விலைக்குக் கொடுத்திருந்தால் நாங்களே வேண்டாம் என்றிருப்போம், பிரச்சினையே வந்திருக்காது. 316 விலையை வாங்கிக்கொண்டு இதைக் கொடுத்ததுதான் மோசடி.

கொடுக்கப் போகிறவர்கள் பைப்பை வெட்டுவதற்கு முன்னாலேயே ஒரு துண்டு வாங்கி டெஸ்ட் செய்துவிடுங்கள். பெரிய ஸ்கிராப் வியாபாரிகள் சிலரிடம் உலோகத்தைச் சோதிக்கும் கன் இருக்கிறது, வைத்த நொடியில் நிக்கல் எவ்வளவு, மாலிப்டினம் எவ்வளவு என்று காட்டிவிடும். பில்லில் கிரேடும் கேஜும் எழுதச் சொல்லுங்கள். எங்களுக்கு வெள்ளைத் தாளில் ‘எஸ்எஸ் ஒர்க்’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தார், எவ்வளவு கேட்டும் கிரேடு எழுதவில்லை. நல்லவேளை, விலை பேசும்போது வாட்ஸ்அப்பில் ‘316, 16 கேஜ்’ என்று அவரே அனுப்பியிருந்தார். இப்போது கையில் இருக்கும் ஆதாரம் அதுவும் டெஸ்ட் ரிப்போர்ட்டும்தான். நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் பதிந்தாயிற்று. மாவட்ட ஆணையத்தில் 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், மனு தயாராகிக்கொண்டிருக்கிறது.

பாதிப் பணம் தருகிறேன், ஹோல்டரைத் திருப்பிக் கொடுங்கள் என்று போன வாரம் ஆள் அனுப்பினார். தரவில்லை. நான்கும் வழக்குக்கு வேண்டும்.