எடை கூடியவர்களுக்கு 36 கம்பிப் பின்சக்கரம்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நூறு கிலோவைத் தாண்டியவர் சைக்கிள் மிதிக்க ஆசைப்பட்டால், கியர், பெயின்ட் எல்லாம் பார்த்து மயங்காமல் பின்சக்கரத்துக்குப் பணம் ஒதுக்கட்டும்.

என் நண்பன் 124 கிலோவில் மிதிக்கத் தொடங்கினான். திருவானைக்காவலிலிருந்து உத்தமர்சீலி, கிளிக்கூடு வழியாகக் கல்லணை வரை எங்கள் பாதை. வாழைத் தோட்டங்களுக்கு நடுவே ஏற்றமே இல்லாத சாலை. முழங்கால் வலிக்காரனுக்கு ஓடுவதைவிட மிதிப்பது நல்லது. பாரத்தை சீட் வாங்கிக்கொள்ளும். ஆனால் சீட் அதில் பெரும்பகுதியைப் பின்சக்கரத்தின் தலையில்தான் இறக்கிவைக்கிறது.

சைக்கிளோடு வந்த 32 கம்பிச் சக்கரத்தில் கியர் பக்கத்துக் கம்பிகள்தான் போயின, அதுவும் சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பில் வளைந்து நுழையும் இடத்தில். விற்ற கடையில் அறுந்ததை மட்டும் மாற்றி அனுப்புவார்கள். சில நாளில் பக்கத்துக் கம்பி போகும். "உங்கள் எடைக்கு இப்படித்தான் சார்" என்று கடைப்பையன் நாலு பேர் காதில் விழச் சொன்னதில் எனக்கு இன்னும் கோபம் உண்டு. எடை பாதிக் காரணம்தான். சக்கரம் சுழலும்போது கீழே வரும் கம்பி தளர்ந்து, மேலே போனதும் மறுபடி இறுகும். முறுக்குப் போதாத கம்பி, மடக்கி மடக்கி ஒடிக்கும் கட்டுக்கம்பியைப் போல வளைவில் அறுந்துவிடும்.

திருவரங்கத்தில் பெயர்ப்பலகைகூட இல்லாத ஒரு கடையில், அறுபதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் புதுச் சக்கரம் கோத்துக் கொடுத்தார். 36 துளை ஹப், இரட்டைச் சுவர் ரிம், துருப்பிடிக்காத, 14 கேஜ் தடிமன் கம்பி. ஒவ்வொரு கம்பியும் மூன்று கம்பிகளைக் கடந்து ரிம்முக்குப் போகிறது. கோட்டம் எடுக்கும்போது அவர் கண்ணைவிடக் காதையே நம்பினார். நகத்தால் சுண்டுவார், சத்தம் மந்தமாக வந்தால், கம்பியை ரிம்மோடு இறுக்கும் நிப்பிளைக் கால் திருப்பு திருப்புவார். பிறகு இரண்டிரண்டு கம்பிகளாகக் கையில் பிடித்து நெரித்தார். கிணுக் கிணுக்கென்று ஏதோ நெகிழ்ந்தது. "கம்பி இப்போதே இடத்தில் உட்காராவிட்டால் ரோட்டில் உட்காரும் தம்பி" என்றார். மறுபடியும் கோட்டம் பார்த்தார்.

எல்லாம் சேர்த்து 3,200 ரூபாய். 38 மி.மீ. அகல டயர் தனி. காற்று என்னுடையதைவிடக் கூடுதலாக அடிக்கிறோம், டயர் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் வரம்புக்குள். சக்கரம் பழையதைவிடக் கனம். கிளம்பும்போது கொஞ்சம் தெரியும், ஓட்டத்தில் தெரியாது. எதிர்காற்றில் அவன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வருவது என் தனிப்பட்ட லாபம்.

இப்போது அவன் 109 கிலோ. ஒரு கம்பியும் அறுந்ததில்லை. கல்லணையில் மீன் வறுவல் கடைகளைத் தாண்டி வருவதற்கு மட்டும் சக்கரத்தால் உதவ முடியவில்லை.

குறைகளும் உண்டு. ரசீது கிடையாது, சொன்ன தேதிக்கு வேலை முடியாது. 36 துளை ரிம்மை நாமே தேடி வாங்கிக் கொடுக்க வேண்டும். முதல் சில சவாரிகளுக்குப் பிறகு முறுக்குப் பார்க்கக் கட்டாயம் திரும்பக் கொண்டுபோக வேண்டும். கையோடு நாலைந்து கம்பிகள் கூடுதலாகக் கேட்டு வாங்கிவையுங்கள். கியர் பக்கக் கம்பியும் மறுபக்கக் கம்பியும் ஒரே நீளம் இல்லை. தனித்தனியாகக் கட்டி வையுங்கள்.