பத்துமலையா, புக்கிட் தாபூரா?

கோலாலம்பூரில் நிலவியல் படிக்கும் நம் பிள்ளைகளின் முதல் களப்பயிற்சிக்கு நான் பத்துமலையைத்தான் சொல்வேன். தைப்பூசத்துக்கு ஏறிய அதே மலை, சுமார் 40 கோடி ஆண்டுப் பழமையான சுண்ணாம்புப்பாறை. அடிவாரத்தில் உதிர்ந்து கிடக்கும் சில்லில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டால் சுர்ரென்று நுரைக்கும். லேசான அமிலத்தன்மையுள்ள மழைநீர் இப்படித்தான், ரொம்ப மெதுவாக, பாறையைக் கரைத்துக் குகையாக்கியது என்பது அப்போதே புரிந்துவிடும். (கோயில் பக்கம் சுத்தியலை எடுக்கவே வேண்டாம்.)

கோலாலம்பூருக்குப் பக்கத்திலேயே உள்ள இன்னொரு மலையான புக்கிட் தாபூர் வேறு ரகம். கிரானைட்டில் விழுந்த பிளவில் சூடான நீர் கொண்டுவந்த சிலிக்கா படிந்து உருவான குவார்ட்ஸ் முகடு. அமிலத்துக்கு அசையாது, கத்தியும் கீறாது. பிளவுகளின் போக்கைத் திசைமானியால் அளந்து பழக அருமையான இடம். ஆனால் செங்குத்து, அனுமதியும் வாங்க வேண்டும். இரண்டாம் ஆண்டில் விரிவுரையாளரோடு போகட்டும்.