ஆன்டெனா முதல் ஃப்ரீ டிஷ் வரை: எங்கள் வீட்டில் சென்னைத் தூர்தர்ஷன்

எத்தனையோ சேனல்கள் வந்து போய்விட்டன. திருவல்லிக்கேணியில் எங்கள் வீட்டில் இன்றும் தினமும் ஓடுவது சென்னைத் தூர்தர்ஷன்தான். 1975 ஆகஸ்ட் 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கிய நிலையம், சேப்பாக்கம் பக்கம் சிவானந்தா சாலையில் இருக்கிறது. அப்பா கருப்பு வெள்ளைப் பெட்டி வாங்கியபோது டிவிக்கு லைசென்ஸ் எடுக்க வேண்டும். தபால் நிலையத்தில் பணம் கட்டுவார்.

உப்புக் காற்றில் ஆன்டெனா கம்பிகளின் திருகாணிகள் துருப்பிடித்துவிடும். தட்டையான பட்டை வயர் வெயிலில் வெடித்து, உள்ளே செம்பு பச்சை பூத்துவிடும். படத்தில் புள்ளி விழுந்தால் முதலில் அந்த முனையைச் சுரண்டிப் பார்ப்போம். சுற்றிலும் மாடிக் கட்டடங்கள் எழும்பிய பிறகு படமே இரட்டையாகத் தெரிய ஆரம்பித்தது. சிக்னல் சுவரில் பட்டுத் திரும்பி, கொஞ்சம் தாமதமாக வந்து சேருவதால் அப்படி.

பழைய நாட்களைப் பேசினால் எல்லோரும் வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும்தான் சொல்வார்கள். என்னைக் கேட்டால் எதிரொலி. நேயர்களின் கடிதங்களுக்கு நிலையத்தார் கேமரா முன் உட்கார்ந்து பதில் சொல்வார்கள். பார்க்கிறவனுக்கு அப்படியொரு மரியாதையை அதற்குப் பிறகு நான் அதிகம் பார்க்கவில்லை.

1993இல் சன் டிவி வந்தது, நாங்களும் கேபிளுக்கு மாறினோம். 2003 செப்டம்பரில் சென்னையில் கட்டணச் சேனல்களுக்கு செட்டாப் பாக்ஸ் கட்டாயமானது. நாங்கள் பாக்ஸ் வாங்கவில்லை. இலவசச் சேனல்களே போதும் என்று இருந்துவிட்டோம். அப்போதுதான் பொதிகையை, அதாவது அப்போது அந்தப் பெயரில் வந்த சென்னைத் தூர்தர்ஷனை, மறுபடி நிதானமாகப் பார்க்க ஆரம்பித்தேன். நாகஸ்வரக்காரர் ஒரு ராகத்தை அவசரமில்லாமல் வளர்த்துக்கொண்டு போவார். கேமரா அவர் விரல்களிலேயே நிற்கும். வயலும் வாழ்வும் நிகழ்ச்சியில் நெல்லுக்கு வரும் நோயைப் பற்றி ஒரு விவசாயி தன் பேச்சிலேயே முழுதாகச் சொல்லி முடிப்பார். பேசுகிறவரைப் பேச விடுவது எனக்கு ரொம்பப் பெரிய விஷயம்.

2024 ஜனவரியில் பெயர் டிடி தமிழ் என்று மாறியது. இப்போது தூர்தர்ஷனின் இலவச டிஷ் சேவையான ஃப்ரீ டிஷ்ஷில் பார்க்கிறோம். டிஷ்ஷுக்கும் பாக்ஸுக்கும் ஒருமுறை செலவு, அப்புறம் மாதச் சந்தா கிடையாது. வயதானவர்கள் இருக்கும் வீட்டுக்குத் தயங்காமல் சொல்வேன். மொட்டை மாடியில் டிஷ்ஷுக்கு எதிரே மரமோ தண்ணீர்த் தொட்டியோ மறைக்கிறதா என்று மட்டும் முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.